செலவுக்குப் பெயரிடுதல்

சென்னையினின்றும் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இராமாநுசர் பிறந்த திருத்தலமாகிய திருப்பெரும்புதூர் உள்ளது. அவ்வூரையும், அதற்குத் தெற்கே அமைந்த ஒரகடத்தையும் சூழ்ந்த நிலப்பரப்பு முன்னாளில் ஏரிநீரை நம்பி நெல் விளைத்தது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை மகிழுந்து செய்யத் தொடங்கியது. 2006இல் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலையும் எழுந்தன. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், மாம்பாக்கம் முதலிய ஊர்களில் இன்று வாழ்வோருட் பலர் அறுவடையை எதிர்நோக்கி வாழ்பவர் அல்லர். மாத ஊதியத்தை எதிர்நோக்கி வாழ்பவர்.

இம்மாற்றம் வீட்டுக் கணக்கையும் மாற்றிவிட்டது. களத்தில் நெல் குவிந்தவுடன் உழவர் அதனைக் கூறுபடுத்துவர். விதைநெல் வேறு; உண்ணும் நெல் வேறு; கூலிக்கும் குத்தகைக்கும் உரிய நெல் வேறு. எத்துணை வறுமை வந்துழியும் விதைநெல்லில் கைவைத்தல் பெரும் இழுக்கு எனக் கருதப்பட்டது. மேலும், குதிரில் நெல் இறங்கி வருவதை வீட்டுச் சிறுவனும் காண்பான். மாத ஊதியத்திற்கு அத்தகைய குதிர் இல்லை. அது வங்கிக் கணக்கில் ஒரே எண்ணாய் வந்து அமர்கின்றது. அவ்வெண்ணுள் வாடகைக்குரிய ரூபாய் எது, தேநீருக்குரிய ரூபாய் எது என்று பிரித்தறிய அடையாளம் ஒன்றும் இல்லை. இக்காலத்தில் கடைக்காரர் நீட்டும் கட்டப்படத்தை நோக்கிக் கைப்பேசியைக் காட்டினாற் போதும், பணம் போய்விடுகின்றது. கையை விட்டுத் தாள் பிரியும் சிறு வருத்தமும் இல்லை.

வரவறிந்து செலவு செய்க என்னும் அறிவுரை நம் நாட்டிற்குப் புதிதன்று. வள்ளுவர் பெருமான் வருவாய் செலவு பற்றிய கருத்துகளை வலியறிதல் என்னும் அதிகாரத்துள் வைத்தார். படைவலியைப் பேசும் இடத்திலேயே பொருளின் அளவையும் பேசினார் என்பது நினைத்தற்கு உரியது. எனினும், அறிவுரையைக் கேட்டவர் பலராயினும் அதன்படி நின்றவர் சிலரே. அதற்குக் காரணம் மனவுறுதி இன்மை என்று பெரியோர் கூறுவர். அஃது ஒரு பகுதியே உண்மை. தாம் எதற்குச் செலவிடுகின்றோம் என்பதனை அறியாதவர் எதனைக் குறைப்பர்? செலவைக் குறைப்பதற்கு முன்னர் அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் வாழும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள் என மூவர். கணவனின் மாத ஊதியம் 20,000 ரூபாய். வருங்கால வைப்புநிதிக்காகக் கணக்கிடப்படும் ஊதியம் 15,000 எனின், அதில் நூற்றுக்கு 12 வீதம் 1,800 ரூபாய் பிடிக்கப்படும். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக்கு நூற்றுக்கு முக்கால் வீதம் 150 ரூபாய் போகும். எஞ்சியது 18,050. மனைவி வீட்டிலிருந்தே துணி தைத்து 5,000 ரூபாய் ஈட்டுகின்றாள். ஆக, வரவு 23,050 ரூபாய்.

அவர்கள் ஒரு குறிப்பேடு வாங்கி எழுதத் தொடங்கினர். வாடகை, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றிற்கு 6,000. மளிகை, பால், காய்கறி, சமையல் எரிவாயு இவற்றிற்கு 8,200. இருசக்கர வண்டியின் தவணைக்கு 2,400. மகளின் பள்ளிக்கு 1,200. இவை நான்கும் கூடி 17,800 ஆயின. அதன்கீழ் ‘இதரம்’ என்று ஒரு வரி. அவ்வரியில் எழுதப்பட்ட தொகை 5,850. வரவினும் 600 ரூபாய் மிகுதியாகச் செலவாகிவிட்டது; அதனைப் பக்கத்து வீட்டில் கைமாற்றாகப் பெற்றனர். மாத முடிவில் அக்குறிப்பேடு அவர்களுக்குக் கற்பித்தது யாது? ‘இதரத்தைக் குறைக்க வேண்டும்’ என்பதே. ஆயின் இதரம் என்பது ஒரு பொருளன்று. அதனைக் குறைத்தல் எவ்வாறு?

அவ்விதரத்தை அவிழ்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஆலை வாயிலுக்கு வெளியே தேநீரும் சிற்றுண்டியும் 1,100, கைப்பேசிகளுக்குக் கட்டணம் 700, பெட்ரோல் 1,000, இரண்டு திருமணங்களுக்கு மொய் 1,500, மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது தனி மருத்துவருக்கும் மருந்துக்கும் 650, ஊரில் உள்ள தாய்க்கு அனுப்பியது 900. இவற்றுள் இன்னதென்று பெயர் சொல்ல இயலாத செலவு ஒன்றேனும் உண்டா? தாய்க்கு அனுப்பும் பணத்தை இதரம் என்று எழுதும் மகன், அறியாமலேயே தன் தாயை இதரமாக்கிவிடுகின்றான். மருத்துவத்திற்கென ஒரு வரி இருந்திருப்பின் மற்றொன்றும் புலப்பட்டிருக்கும். ஈட்டுறுதிக்கென மாதந்தோறும் 150 ரூபாய் கொடுத்துவரும் குடும்பம், அதனால் தனக்குரிய மருந்தகத்தை நாடாமல் வேறிடத்தில் 650 ரூபாய் கொடுத்தது ஏன் என்னும் வினா அங்கே எழுந்திருக்கும்.

குடும்பச் செலவைப் பகுத்துக் காணும் முறையை மேனாட்டில் ஆராய்ந்தவருள் எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் செருமானியப் புள்ளியியல் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை அவர் ஆராய்ந்து, வருவாய் குறையக் குறைய உணவுக்குச் செல்லும் பங்கு பெருகும் என 1857இல் வெளியிட்டார். அக்கணக்குகளில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட பங்கை உணவுக்கே செலவிட்டிருந்தன. செலவைத் தலைப்புகளாகப் பிரித்தமையாலன்றோ அவ்வுண்மை வெளிப்பட்டது!

நம் நாட்டிலும் தொழிலாளர் குடும்பங்களின் செலவை மைய அரசின் தொழிலாளர் பணியகம் ஆராய்ந்து வருகின்றது. அகவிலைப்படிக்கு அடிப்படையாகிய விலைவாசிக் குறியீட்டெண் அவ்வாராய்ச்சியினின்றே பிறக்கின்றது. 2016ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு 2020இல் வெளிவந்த குறியீட்டெண், 88 தொழில் நகரங்களைத் தழுவியது. அதில் ஆறே தலைப்புகள் உள்ளன. உணவும் பானமும் 39.17 பங்கு, வெற்றிலை, பாக்கு, புகையிலை முதலியன 2.07, ஆடையும் காலணியும் 6.08, வீட்டு வசதி 16.87, எரிபொருளும் விளக்கும் 5.50, எஞ்சிய பல்வகை 30.31. ஆறும் கூடி நூறு. 2001ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட முந்தைய குறியீட்டெண்ணில் உணவின் பங்கு 46 அளவினதாகவும், பல்வகையின் பங்கு 23 அளவினதாகவும் இருந்தன. வயிற்றுக்கு நேர்ந்த பங்கு குறைந்த அளவிற்குப் பல்வகை பெருத்துவிட்டது. மருத்துவம், கல்வி, போக்குவரவு, தொலைபேசி ஆகிய யாவும் அதனுள் ஒடுங்கிக் கிடக்கின்றன. நாடு முழுவதையும் அளக்கும் அலுவலகத்திற்கு இவ்வளவு பெரிய பல்வகை பொருந்தலாம். அதற்கு உட்பிரிவுகள் வைத்துக்கொள்ள அலுவலர் பலர் உளர். மூவர் வாழும் வீட்டிற்கு அது பொருந்தாது.

பெயரில்லாத செலவுக்கு நேரும் கேட்டினை நம் சட்ட வரலாறே காட்டும். 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்த அளவுக் கூலி யாது என வரையறுக்க முற்பட்டது. உழைப்பவன் ஒருவனுக்கு மூன்று நுகர்வு அலகுகள்; வளர்ந்தவர் ஒருவர்க்கு நாள்தோறும் 2,700 கலோரி உணவு; ஆளுக்கு 18 கெஜமாக நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி; அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தின் அளவில் வாடகை; எரிபொருள், விளக்கு, பிற செலவு ஆகியவற்றிற்குக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு. இதுவே அம்மாநாடு வகுத்த கணக்கு. உணவின் அளவை வகுத்துரைத்த அய்க்ராய்டு என்பார் முன்னர் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் ஊட்டவுணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராய் இருந்தவர் என்பது தமிழ் மாணாக்கர் அறிதற்குரியது. கணக்கு நன்று. எனினும், குழந்தையின் படிப்புக்கு அதில் ஒரு வரி இல்லை. நோய்க்கும், திருவிழாவிற்கும், மகள் மணத்திற்கும், முதுமைக்கும் வரி இல்லை. அவையெல்லாம் ஐந்தில் ஒரு பங்கின் வாலில் ‘பிற’ என ஒட்டிக்கொண்டிருந்தன.

அக்குறை முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தே நீங்கியது. நீக்கியவர் சென்னைத் தொழிலாளர். ரெப்டகோஸ் பிரெட் என்னும் மருந்து நிறுவனத்தின் சென்னை ஆலையைச் சேர்ந்தோர் அகவிலைப்படி பற்றித் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பு வழங்கியது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், விழாவும் சடங்கும் உள்ளிட்ட சிறு மகிழ்ச்சி, முதுமை, திருமணம் ஆகியவற்றைத் தனியொரு கூறாகக் கொண்டு, குறைந்த அளவுக் கூலியில் நூற்றுக்கு 25 பங்கு அதற்கு ஒதுக்கப்படல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. ‘பிற’ என்னும் சொல்லுள் புதைந்திருந்தவை பெயர் பெற்றவுடன் கூலியில் காற்பங்காக எழுந்து நின்றன.

இனி, சுங்குவார்சத்திரத்துக் குடும்பத்தின் குறிப்பேட்டிற்கு மீள்வோம். முப்பது தலைப்புகள் வகுத்துக்கொள்வோர் உண்டு; கத்தரிக்காய்க்கு ஒன்று, சவர்க்காரத்திற்கு ஒன்று எனக் கோடிட்ட ஏடு பதினைந்தாம் நாள் பரண் ஏறிவிடும். ஏழு தலைப்புகள் போதும். உறையுள் என்பதில் வாடகை, மின்சாரம், தண்ணீர் அடங்கும். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரு மாதத்திற்கு ஒருமுறை வருதலின், கட்டணம் இல்லாத மாதத்திலும் அதன் பாதியை எடுத்து வைத்தல் முறை. உணவு என்பதில் ஆலை வாயிலின் தேநீரும் சேரும். அதனைத் தனியே ஒளித்து வைத்தலாற் பயனில்லை. பெட்ரோல், பேருந்து, கைப்பேசி மூன்றும் போக்குவரவு. வண்டியின் தவணை அதனோடு சேராது, அது கடன். கடன் தீரும் நாளில் அத்தலைப்பு வெறுமையாதல் வேண்டும். பெட்ரோலோடு கலந்துவிட்டால் தீர்ந்தது தெரியாது. கல்வியும் உடல்நலமும் ஒரு தலைப்பு. பள்ளிக் கட்டணம் சூன் திங்களில் இடிபோல் வந்து இறங்குவது; அதனைப் பன்னிரண்டாக வகுத்து மாதந்தோறும் ஒதுக்கினால் இடி மழையாகிவிடும்.

உறவு என்னும் தலைப்பைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வேற்றுநாட்டார் எழுதிய வரவுசெலவு நூல்களில் இத்தலைப்பு பெரும்பாலும் காணப்படுவதில்லை. தமிழ்க் குடும்பத்திற்கோ இது வாடகைக்கு அடுத்த கடமை. பெற்றோர்க்கு அனுப்புவது, மொய், காதுகுத்து, தீபாவளி, பொங்கல், அந்நாள்களில் வாங்கும் புத்தாடை ஆகிய யாவும் இதனுள் அடங்கும். மொய் எழுதுதலை வீண் செலவு என்று இகழ்வோர் அதன் இயல்பை அறியார். மொய் ஏட்டில் எழுதப்பட்டது ஒருநாள் திரும்பி வரும். அது பாதி அன்பும் பாதி சேமிப்புமாய் நிற்பது. ஆதலின் அதனை மறைக்க வேண்டுவதில்லை, எழுதுதலே வேண்டும். ஆவணி, தை, வைகாசித் திங்கள்களில் திருமணங்கள் மிகும் என்பதும் முன்னரே அறிந்ததன்றோ? அறிந்த செலவைத் திடீர்ச் செலவு என்பது பொருந்தாது.

ஏழாவது தலைப்பு சேமிப்பு. அதற்கு விதைநெல் என்றே பெயரிடலாம். எஞ்சினால் வைப்போம் என்பார்க்கு ஒருநாளும் எஞ்சாது. களத்திலேயே பிரித்து வைத்தனர் முன்னோர். மாதம் 500 ரூபாயாயினும் ஊதியம் வந்த நாளிலேயே அது பிரிதல் வேண்டும். ஏழிலும் அடங்காத சில்லறைக்கு மட்டும் இதரம் இருக்கட்டும். அதன் எல்லையும் வரையறுக்கப்படல் வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்ற சிறுவர் முந்திரி, காணி, மா என்னும் பின்னங்களை மனப்பாடமாகக் கூறுவர். மா என்பது இருபதில் ஒன்று. இதரத்திற்கு ஒரு மா போதும். 23,050இல் அது 1,152 ரூபாய் 50 காசு. அதனை இதரம் கடக்குமாயின், அதனுள் பெயர் வேண்டி நிற்கும் செலவு ஒன்று ஒளிந்திருக்கின்றது என்க.

ஊதியமே போதாத வீட்டிற்குக் குறிப்பேடு எதற்கு என்று கேட்பார் உளர். கேள்வி நேர்மையானது. ஏழு தலைப்புகள் ஒரு ரூபாயையும் ஈனமாட்டா. குறைந்த கூலியால் வரும் வறுமையைச் சிக்கனம் தீர்க்கும் என்று போதிப்பவர் தொழிலாளியின் சட்டைப்பையைப் பார்க்கின்றாரேயன்றி ஊதியச் சீட்டைப் பார்ப்பதில்லை. கூலியை உயர்த்துதல் சட்டத்திற்கும் சங்கத்திற்கும் உரிய பணி. ஆயினும் அப்பணிக்கும் கணக்கு வேண்டும். குறியீட்டெண் பிறப்பது தொழிலாளர் வீடுகளில் கேட்டெழுதிய செலவினின்றே. வாடகை இத்துணை ஏறியது, கல்விக்கு இத்துணை சென்றது என எண்ணோடு உரைக்கக்கூடியவனுடைய சொல்லுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் எடை மிகும்.

இத்தொழிற்பகுதிக்குச் சிறப்பாக உரிய இடர் ஒன்று உண்டு. அது மிகைநேரப் பணி. தொழிலாளர் இதனை ‘ஓ.டி.’ என வழங்குவர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு இருமடங்கு ஊதியம் வகுத்தது. ஆலையில் வேலை மிகுந்த திங்கள்களில் ஒருவனுக்கு 4,000, 5,000 ரூபாய் கூடுதலாக வரலாம். அதனை நிலையான வரவாக எண்ணிப் பெரிய வீட்டிற்குக் குடிபோதலும், புதிய வண்டிக்குத் தவணை எழுதுதலும் நிகழ்கின்றன. வாடகையும் தவணையும் மாதந்தோறும் தவறாது வருபவை. மிகைநேரமோ ஆலையின் தேவையைப் பொறுத்தது. வந்து போகும் வரவை, வந்தால் போகாத செலவோடு பிணைத்தல் ஆகாது. 1965ஆம் ஆண்டு ஊக்க ஊதியச் சட்டம் குறைந்த அளவாக விதித்த 8.33 விழுக்காடும் அத்தகையதே. அது பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்கிடும் ஊதியத்தில் ஒரு மாத அளவு. இவ்விரண்டும் விதைநெல்லுக்கும், கடனை முன்கூட்டித் தீர்ப்பதற்கும், உறவுக்கும் செல்லுதல் நன்று. உறையுளுக்கு அவற்றினின்றும் ஒரு காசும் செல்லலாகாது.

இவ்வெச்சரிக்கை வெறுங் கற்பனையன்று. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஏற்றபோது, வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அதனுள் சேரவில்லை. அவ்வாண்டில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினர். நவம்பர் முதல் நாள் அங்கு உற்பத்தி நின்றது. தொடங்கி எட்டே ஆண்டுகள்! இருபது வயதில் பணியில் சேர்ந்தோர் முப்பதை எட்டுமுன் வேறு வேலை தேட நேர்ந்தது. 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் சங்க உரிமைக்காகவும் ஊதிய உயர்வுக்காகவும் செப்டம்பர் 9ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. வேலை இல்லாத நாளுக்கு ஊதியம் இல்லை என்பது ஆலைகளின் பொது வழக்கு. உரிமை கேட்டு நிற்பதற்கும் வீட்டில் சில நாள் அரிசி வேண்டும். விதைநெல் இரண்டு மாதச் செலவளவு வளரும் வரையில் வேறு ஆசை எதற்கும் அதில் இடந்தரலாகாது.

வெளியூரினின்றும் வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் மகளிரின் கணக்கு வேறு வகையானது. 2024 ஆகஸ்டுத் திங்களில் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. அஃது 18,720 பேர் தங்குதற்கு உரியது. விடுதியில் வாழ்வோர்க்கு உறையுளும் உணவும் பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டுவிடுகின்றன. அவர்தம் ஏட்டில் பெரிய வரி ‘வீட்டுக்கு அனுப்பியது’ என்பதே. தம்பியின் படிப்பும், தந்தையின் கடனும், ஓட்டு வீட்டின் பழுதும் அவ்வரியால் தீர்கின்றன. போற்றத்தக்க செயலே. ஆனால், மூன்றாண்டு நான்காண்டு உழைத்தபின் ஆலையை விட்டு நீங்கும் நாளில் அப்பெண்ணின் பெயரில் எஞ்சுவது யாது? அனுப்பும் தொகைக்கு முன்னரே, அவள் பெயரிலுள்ள கணக்கில் அவளுக்குரிய விதைநெல் பிரிக்கப்படல் வேண்டும். பெற்றோரும் தம் வீட்டுக் குறிப்பேட்டில் அத்தொகையை வெறும் வரவு என்று எழுதாமல் ‘மகள் தந்தது’ என்று எழுதலாம். பின்னாளில் அவள் திருமணத்திற்கோ மேற்படிப்பிற்கோ செலவிடும்போது, அது பெற்றோர் அளித்த கொடை என்று ஒருவரும் தவறாக எண்ணாதிருக்க அவ்வரி உதவும்.

குறிப்பேடு எழுதுதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. நாற்பது பக்க ஏடு ஒன்று போதும். மாதத்திற்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் ஏழு தலைப்புகளும் ஒரு மா இதரமும். கைப்பேசியில் செலுத்திய தொகைகள் கைப்பேசியிலேயே பதிவாகி இருத்தலின், நாள்தோறும் எழுத இயலாதவர் முறைப்பணி மாறும் வாரவிடுமுறை நாளில் அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். மகளோ மகனோ உயர்நிலைப் பள்ளியில் பயில்வாராயின் கூட்டலை அவரிடம் விடுதல் தகும். கணக்கை மறைத்து வளர்க்கப்படும் பிள்ளைகள் கேட்கும் பொருள்களுக்கு அளவிராது. மாதத்தின் முதல் நாளில் ஏட்டைத் தொடங்க வேண்டும் என்னும் விதியும் இல்லை. ஏழாம் நாள் ஊதியம் வரும் வீட்டில் ஏட்டின் மாதம் ஏழாம் நாளே தொடங்கும். அன்று மாலை, கடைக்குப் போகும் முன்னர், விதைநெல் வரியும் உறையுள் வரியும் முதலில் நிரப்பப்படும்.